மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?

சகோதரிகளே, தலைப்பில் இருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னது வேறு யாரும் இல்லை, நானேதான். சொன்ன இடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை. போனில் அதைக் கேட்டவள் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்கா மகள். அப்போது அவளுக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட மனக்கஷ்டத்தை இன்னொரு சித்தியோ அத்தையோ படக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு உடம்பு கொஞ்சம் போட்டுவிட்டது. எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? "என்னடி, அடையாளமே தெரியலையே!" என்று கேட்காத உறவு பாக்கியில்லை. இரண்டு மாதத்தில் நாத்தனார் கல்யாணம் வேறு வந்தது. "சித்தி, கல்யாணத்துக்குத் தைச்ச ரவிக்கை ஒண்ணுகூட கையிலே ஏறலை" என்று போனில் அழுதாள். கேட்ட எனக்கும் மனசு தாளவில்லை.

அன்று ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுச் செல்போனை எடுத்தால், எனக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு விளம்பரம்! வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், பின்னால் பச்சைப் பசேல் என்று இலைகள். "100 சதவிகிதம் மூலிகை. பக்க விளைவு அறவே கிடையாது. 30 நாளில் 8 கிலோ குறையும். இன்று இரவு 12 மணி வரை பாதி விலை." 1,499 ரூபாய். என் சிறுவாட்டுப் பணத்தில் நானே கட்டி, அவள் விலாசத்துக்கே பார்சல் அனுப்பச் சொன்னேன்.

பார்சல் கிடைத்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். எவ்வளவு நியாயமான கேள்வி என்று இப்போதுதான் உறைக்கிறது. "சித்தி, பால் குடுத்துக்கிட்டு இருக்கேனே, சாப்பிடலாமா?"

"அடி போடி, மூலிகைதானே, என்ன செஞ்சுடப் போவுது? நம்ம பாட்டி குடிக்காத கஷாயமா?"

டாக்டரம்மா கேட்ட கேள்வி

முதல் வாரம் எல்லாம் சந்தோஷமாகத்தான் போயிற்று. பசியே எடுக்கவில்லையாம், இரண்டு கிலோ குறைந்துவிட்டதாம். இரண்டாவது வாரம் நெஞ்சு படபடப்பு, நாக்கு வறட்சி. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. கைக்குழந்தையும் விடிய விடியச் சிணுங்கியது. விற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள். வந்த பதில் என்ன தெரியுமா? "உடம்பில் சேர்ந்த கழிவு வெளியேறுகிறது. நல்ல அறிகுறி. நிறுத்தாமல் சாப்பிடுங்கள்."

பதினேழாவது நாள் குடத்தைத் தூக்கப் போனவள் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினார். மறுநாள் விடியற்காலை முதல் பஸ் பிடித்து நானும் போய்ச் சேர்ந்தேன். டாக்டரம்மா நிதானமாக, "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டார். "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர், மூலிகைதான்" என்றாள் இவள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்த டப்பாவைக் கொண்டு வாங்க" என்றார்.

அப்போதுதான் நானும் டப்பாவைச் சரியாகத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் இலைப் படம். பின்பக்கம் ஆசனம் செய்யும் பெண் படம். தயாரித்தவர் பெயர் இல்லை. விலாசம் என்று ஓர் ஊர்ப் பெயர் மட்டும். லைசென்ஸ் நம்பர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அரிய மூலிகைகளின் கலவை". அவ்வளவுதான்!

"இதிலே என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணைத் தாயும் சாப்பிட்டு, தாய்ப்பால் வழியா பிள்ளைக்கும் குடுக்கலாமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. என்னால் தலை நிமிர முடியவில்லை. அரிசி வாங்கினால் கையில் அள்ளிக் கல் பார்க்கிறேன், கத்திரிக்காயைக் காம்போடு திருப்பிச் சொத்தை பார்க்கிறேன். பெற்ற பெண் மாதிரி வளர்த்தவள் வயிற்றுக்குள் போவதை மட்டும் பார்க்காமலே பணம் கட்டியிருக்கிறேன்.

இரண்டு ஊர், இரண்டு மரம்

மூலிகை என்றாலே தீங்கு இல்லாதது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் பாட்டிமார் அப்படிச் சொன்னதே இல்லை. எங்கள் இரண்டு ஊரின் தல விருட்சங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலின் மரம் பாதிரி. வைத்தியர்கள் சொல்லும் தசமூலம், அதாவது பத்து வேர்கள் இருக்கிறதே, அதில் பாதிரி வேரும் ஒன்று. நல்ல மருந்து.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் தில்லை. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் உப்பங்கழிக்குப் போக வேண்டும். அந்த மரத்தை ஒடித்தால் பால் வரும். அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நம் நாட்டு மருந்துச் சட்ட விதிகளில் "இ-1 அட்டவணை" என்று ஒன்று உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களின் பட்டியல் அது. சேராங்கொட்டை, எட்டி, ஊமத்தை, நேர்வாளம் இவற்றோடு நம் தில்லையும் அதில் இருக்கிறது.

தில்லையும் இயற்கைதான், தெய்வீகமானதும்கூட. ஆனால் தெரிந்தவர் கையில்தான் அது மருந்து. அதனால்தான் இந்தப் பட்டியலில் உள்ள பொருள் சேர்ந்த மருந்தில் "மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்" என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. இத்தகைய மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்லைனில் விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

கெடுதல் வரும் நான்கு வழிகள்

சிதம்பரத்திலிருந்து திரும்பிய பிறகு இது பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரு சித்த மருத்துவரிடமும் கேட்டேன். மூலிகை என்று வாங்கும் பொருளால் கெடுதல் வருவதற்கு முக்கியமாக நான்கு வழிகள்.

முதலாவது, செடியே மாறிவிடுவது. கீரைக்காரம்மா தரும் கட்டில் பொன்னாங்கண்ணியா, வேறு ஏதாவதா என்று நாம் கண்ணால் பார்த்துவிடலாம். இடித்துப் பொடியாக்கி மாத்திரைக் கூட்டுக்குள் அடைத்துவிட்டால் யார் கண்டது? மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லியையே பாருங்கள். தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய சரக்கைப் பரிசோதித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சரக்கில் அதே ஜாதியைச் சேர்ந்த வேறு செடிகள் இருந்தன. வேண்டுமென்று செய்ததாகவே இருக்க வேண்டியதில்லை. பறிக்கிறவர்களுக்கே அடையாளம் தவறலாம்.

இப்படிச் செடி மாறியதால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் நடந்தது. அங்கே உடல் இளைக்கும் சிகிச்சைக்குப் போன பெண்களுக்குச் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு அடியோடு செயல் இழந்தது. சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் வயல் வரப்பில் கிடக்கும் ஆடுதீண்டாப்பாளை அந்தச் செடியின் இனம்தான். ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்தார்கள் நம் முன்னோர்!

கொரோனா காலத்தில் சீந்தில் கொடிக்குத் திடீர் மவுசு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததைப் பற்றி அங்குள்ள டாக்டர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் இன்னொரு கொடியை மாற்றிச் சாப்பிட்டிருக்கலாம் என்று சொன்னது. இரண்டு பக்கமும் வாதாடட்டும். குடும்பம் நடத்தும் நமக்கு இதில் ஒரே பாடம்தான். சரியான கொடிதானா என்று தெரியாமலும், தினமும் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்காமலும் மாதக்கணக்கில் எதையும் குடிக்கக் கூடாது.

ஐந்தில் ஒன்று!

இரண்டாவது, ஈயம், பாதரசம், ஆர்சனிக் போன்ற உலோக நஞ்சு. ஆர்சனிக் என்பது நம் வழக்கில் பாஷாணம். 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் வந்த ஆய்வு ஒன்று நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. ஆன்லைனில் 25 விற்பனைத் தளங்களிலிருந்து வாங்கிய 193 ஆயுர்வேதப் பொருட்களைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மூன்றில் ஏதாவது ஓர் உலோகம் இருந்தது. இந்தியாவில் செய்தது, அமெரிக்காவில் செய்தது என்ற பேதம் அதிகம் இல்லை. இரண்டிலும் அதே கதை. இன்னொன்றையும் கேளுங்கள். உலோகம் இருந்தவற்றில் முக்கால் பங்கு, தரமான உற்பத்தி முறைப்படி செய்ததாகத் தம்பட்டம் அடித்தவை!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பற்பம், செந்தூரம் என்று சித்த மருத்துவத்தில் உலோகம் சேர்த்தே செய்யும் மருந்துகள் உண்டு. அவற்றைச் சுத்தி செய்து, புடம் போட்டு, நோயாளியின் நாடி பார்த்து, அரிசி எடை கணக்கில் கொடுப்பார்கள். அது கைதேர்ந்த வைத்தியர் பொறுப்பு. முகம் தெரியாத ஆளிடம் வாங்கி நாமாகக் கரண்டியில் எடுத்துச் சாப்பிடுகிற சரக்கு அல்ல அது. மூலிகை மட்டுமே சேர்ந்த மருந்தில் ஈயம் 10 லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆயுர்வேத மருந்து நூலிலேயே வரம்பு வகுத்திருக்கிறார்கள்.

ஈயம் ஏன் தாய்மாருக்கு இவ்வளவு கெடுதல்? அது கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும். வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். எலும்பில் போய்த் தங்கிக்கொண்டு, கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து மறுபடி ரத்தத்துக்கு வரும். குழந்தைக்கு இவ்வளவு ஈயம் போனால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருப்பதைச் சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. ஆறு பேரில் ஐந்து பேர் நம் நாட்டில் பிறந்தவர்கள். ஆறு பேரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை எந்தத் தாய்க்குத்தான் இல்லை? அந்த ஆசையைத்தானே இந்த வியாபாரம் விலை பேசுகிறது.

மூன்றாவது வழிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மூலிகை என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே ரகசியமாக இங்கிலீஷ் மருந்தைக் கலந்துவிடுவது! மூட்டுவலிப் பொடியில் ஸ்டீராய்டு, இளைக்கும் மாத்திரையில் சிபுட்ரமின். சிபுட்ரமின் பசியை அடக்கும் மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் கூடுகிறது என்று தெரிந்து 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கினார்கள். 2011-இல் நம் அரசும் தடை செய்தது. ஆனாலும் "இயற்கை" என்று விற்கிற இளைக்கும் மாத்திரைகளில் அது ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பல தடவை கண்டுபிடித்திருக்கிறது.

பசி அடங்குவது, நாக்கு வறட்சி, படபடப்பு, தூக்கமின்மை: இவை எல்லாம் சிபுட்ரமினின் குணங்கள். இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பரிசோதனை செய்யாமல் அந்த டப்பாவின் மேல் நான் பழி போட முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மூலிகை மருந்து கஷாயம் மாதிரி மெதுவாகத்தான் வேலை செய்யும். "ஒரே வாரத்தில் அதிசயம்" நடந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

நான்காவது, மூலிகை சரியானது, ஆனால் சாப்பிடுகிற ஆள் சரியில்லை! இருமலுக்கு அதிமதுரம் அருமையானது. ஆனால் அதை நிறைய நாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. இளைக்கும் டீ என்று விற்பவை பலவற்றில் நிலாவரை இலை இருக்கும். நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வெளிநாட்டுக்கெல்லாம் போகும் இலை, மலச்சிக்கலுக்குக் கைகண்டது. ஆனால் அதனால் இறங்குவது வயிறும் உடம்பு நீரும்தான், கொழுப்பு இல்லை. தராசு முள் நம்மை ஏமாற்றுகிறது! சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு இன்னொரு பொடியையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று கூட்டியோ குறைத்தோ விடலாம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

இதற்காக மூலிகையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் சுக்கும் மிளகும் ஓமமும் இல்லாத நாள் கிடையாது. டெங்கு சமயத்தில் நிலவேம்புக் குடிநீர் குடித்தோம். 2020-இல் கபசுரக் குடிநீரும் குடித்தோம். நான் சொல்வது ஒன்றுதான். மூலிகையும் மருந்துதான். மருந்து வாங்கும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்போமோ, அவ்வளவு ஜாக்கிரதை இதற்கும் வேண்டும். ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் கீழே சொல்லியிருப்பதைப் பாருங்கள். டப்பாவின் பின்பக்கப் படம் அங்கே போடவில்லை என்றால், வாங்கவே வேண்டாம்.

1. இது மருந்தா, உணவா? ஆயுர்வேத, சித்த மருந்தானால் தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டும். உணவுச் சத்துப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க நம்பரும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததைக் கையால் தொடாதீர்கள். அந்த 14 இலக்க நம்பர் நிஜமா என்று "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" என்ற அரசு செயலியில் சரிபார்க்கலாம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு நிமிஷ வேலை.

2. சத்துப் பொருள் என்றால் "மருத்துவ உபயோகத்துக்கு அல்ல" என்று அதன் மேல் இங்கிலீஷில் அச்சிட்டிருக்கும். டப்பாவில் அப்படிப் போட்டுவிட்டு, விளம்பரத்தில் மட்டும் "சர்க்கரை நோய் ஓடிப்போகும்" என்றால், இரண்டில் ஒன்று பொய்தானே?

3. தயாரித்தவர் பெயர், முழு விலாசம், பாட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி தேதி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

4. உட்பொருள் பட்டியல். ஒவ்வொரு மூலிகையின் பெயரும் அளவும் தனித்தனியாக இருக்க வேண்டும். "ரகசியக் கலவை", "பரம்பரை மூலிகைகள்" என்பதெல்லாம் பதில் இல்லை.

5. விற்பவர் யார்? 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், விலாசம், குறை கேட்கும் அதிகாரியின் விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். வெறும் வாட்ஸ்அப் நம்பரை வைத்துக்கொண்டு விற்பவரிடம் இதெல்லாம் நடக்குமா?

லைசென்ஸ் நம்பர் இருந்தாலே எல்லாம் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஏதாவது நேர்ந்தால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

வாய்ஜாலத்தில் மயங்காதீர்கள்

"பூரண குணம்", "கியாரண்டி", "பக்க விளைவே இல்லை", "டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்", "இன்று இரவோடு சலுகை முடிகிறது"... இந்த வார்த்தைகள் கண்ணில் பட்டால் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். 1954-ஆம் வருஷத்திலேயே நம் நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய், இருதய நோய், உடல் பருமன் எல்லாம் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம்! 2024-இல் விளம்பரங்கள் சம்பந்தமான வழக்கு ஒன்றில் பதஞ்சலி மாதிரி பெரிய நிறுவனமே உச்ச நீதிமன்ற விசாரணைக்கு நடுவில் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் வெளியிட நேர்ந்தது. பெரிய பெயர் என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும்

உங்களுக்கு விதி ஒன்றே ஒன்று. மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும், பொடியும், லேகியமும் வேண்டாம். பால் சுரக்கப் பூண்டும் வெந்தயமும் சமையலில் சேருங்கள். எங்கள் கடலூர் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு செய்து போடுவோம். இவையெல்லாம் சாப்பாடு. சாப்பாட்டில் சேருகிற அளவு வேறு. அதையே சத்து இறக்கி மாத்திரையில் அடைத்து வருகிற அளவு வேறு.

கைக்குழந்தைக்கும் அப்படியே. வசம்பைப் பேர் சொல்லா மருந்து என்று எவ்வளவு பயபக்தியோடு நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள்! சுட்டு, உரைத்து, ஓர் இழை. அந்த வசம்பைக்கூட உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1968-இலேயே தடை போட்டார்கள். அப்படியிருக்க, "குழந்தைகளுக்கான மூலிகைத் துளிகள்" என்று யாரோ அனுப்பும் புட்டியை வாயில் விடலாமா? குழந்தை டாக்டரைக் கேளுங்கள்.

சித்த மருத்துவம்தான் வேண்டுமா? ஆன்லைனில் ஏன் தேட வேண்டும்? மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும், பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர் பார்த்து, மருந்தும் இலவசமாகவே தருவார். நாள்பட்ட நோய் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நேரில் ஆளைப் பார்த்து, "எனக்கு இந்த மாத்திரை ஓடுகிறது, நான் முழுகாமல் இருக்கிறேன்" என்று சொல்லி வாங்குகிற மருந்துக்கு ஈடு உண்டா?

கெடுதல் நேர்ந்துவிட்டால்...

உடனே நிறுத்துங்கள். "கழிவு வெளியேறுகிறது" என்ற கதையை நம்பாதீர்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறமாவது, வாந்தி, மயக்கம், படபடப்பு, உடம்பில் தடிப்பு, எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். போகும்போது டப்பாவையும் மிச்ச மாத்திரையையும் எடுத்துப் போங்கள். பில், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்கவே கூடாது. என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் அவர் என்ன வைத்தியம் செய்வார்?

பண மோசடிக்கும் பொய் விளம்பரத்துக்கும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். ஆயுர்வேத, சித்த மருந்துகளின் தவறான விளம்பரங்களையும் பக்க விளைவுகளையும் தெரிவிக்க 2025 மே மாதம் ஆயுஷ் அமைச்சகம் "ஆயுஷ் சுரக்ஷா" என்ற தளத்தைத் தொடங்கியிருக்கிறது. நமக்கென்ன என்று இருந்துவிடாமல் நாலு வரி எழுதிப் போட்டால், இன்னொரு வீட்டுப் பிள்ளை பிழைக்கும்.

என் அக்கா மகள் கதைக்கு வருகிறேன். மாத்திரையை நிறுத்திப் பத்து நாளில் படபடப்பு அடங்கியது, தூக்கம் வந்தது. குழந்தையையும் சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறான் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த வாட்ஸ்அப் நம்பருக்குப் பேசிப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. 1,499 ரூபாய் போனது போனதுதான்.

கல்யாண ரவிக்கை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மேல வீதிப் பக்கம் ஒரு தையல்காரர் இரண்டு பக்கமும் பிரித்து விட்டு ஒரே நாளில் தைத்துக் கொடுத்தார். கூலி 100 ரூபாய். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவும் இடுப்பில் பிள்ளையுமாக அவள் மண்டபத்தில் நின்ற அழகைப் பார்த்து நான்தான் திருஷ்டி கழித்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். "மூலிகைதானே" என்ற வார்த்தை இனி என் வாயில் வராது. "மூலிகையா? யார் செய்தது, என்ன இருக்கிறது, எனக்கு ஆகுமா?" என்றுதான் கேட்பேன். நீங்களும் கேட்பீர்களா, சகோதரிகளே?